ட்லின்சா காட்டுப் பறவை வழிகாட்டி: மாமாவோடு போய்வந்த ஒரு நாள்

விவரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். போன நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்து எஷோவே என்ற ஊருக்குப் போய், அங்கே இருக்கும் உள்ளூர்ப் பறவை வழிகாட்டி ஒருவரை ஒரு நாள் முழுக்க அமர்த்திக்கொண்டு ட்லின்சா காட்டைச் சுற்றினோம். நானும் என் மாமனாரும், இரண்டே பேர். இருவருக்கும் சேர்த்து 1,800 ராண்ட். கார் நம்முடையது, சாப்பாடு நம்முடையது, காட்டுக்குள் நுழைய டிக்கெட் தனி. அந்தப் பணத்துக்கு அவர் செய்த வேலை எவ்வளவோ அதிகம். இன்னொரு தடவை போவேன், நீங்களும் போங்கள்.

சரி, இனி நேரம் இருப்பவர்களுக்கு.

மாமா நாங்குநேரிப் பக்கம். கூந்தன்குளம் அவருக்குப் பக்கத்து ஊர் மாதிரி. சின்ன வயதில் இருந்தே கூழைக்கடாவும் நாரையும் பார்த்து வளர்ந்தவர், கூட்டில் இருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்த பறவைக் காவலர் பால்பாண்டியைப் பற்றி அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுவார், 2021இல் கொரோனாவில் அவர் போனபோது வீட்டில் யாரோ போன மாதிரி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அத்தை சொன்னார்கள். இப்போது மாமாவுக்கு 71 வயது. சர்க்கரையால் கண் பார்வை முக்கால்வாசி போய்விட்டது. எதிரில் நிற்பவரின் முகம் நிழலாகத் தெரியும், எழுத்து தெரியாது, பைனாகுலரை வைத்தால் இன்னும் மோசம். மகளைப் பார்க்க மூன்று மாதம் டர்பன் வந்தவரை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று எனக்கும் என் மனைவிக்கும் பெரிய குழப்பம். கடற்கரைக்குப் போனோம், கோயில்களுக்குப் போனோம். ஒரு நாள் மாலை வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்து இருந்தவர், ஹடேடா என்ற பறவை கத்திக்கொண்டு பறந்ததும், "மாப்ள, இது அரிவாள் மூக்கன் சாதிதானே? குரல் மட்டும் ஏன் இவ்வளவு கரடுமுரடா இருக்கு?" என்று கேட்டார். பார்க்காமலே கேட்டார், சரியாகவும் கேட்டார். அப்போதுதான் எனக்கு இந்த யோசனை வந்தது.

ஆனால் பறவைச் சுற்றுலா என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். சில வருடங்களுக்கு முன்னால் நண்பர்களோடு ஒரு கம்பெனி மூலமாகப் போயிருந்தேன், பேர் வேண்டாம். வந்தவர் வண்டியை ஓட்டினார், நன்றாகவே ஓட்டினார், ஆனால் அவர் பார்த்ததெல்லாம் ரோட்டைத்தான். பிறகு ஒரு காட்டு ஓரத்தில் இறக்கிவிட்டு, ஒரு ஸ்பீக்கரை எடுத்து ஒரே பறவையின் குரலை இருபது நிமிடம் திரும்பத் திரும்பப் போட்டார். அந்தப் பறவை வந்தது. கிளைக்குக் கிளை தாவி, எதிரி எங்கே எங்கே என்று தேடிக்கொண்டே இருந்தது. நாங்கள் எல்லாரும் போட்டோ எடுத்தோம். வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால் இந்த முறை விசாரித்தேன். பேர்ட்லைஃப் சவுத் ஆஃப்ரிகா என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பு, கிராமங்களிலும் டவுன்ஷிப் எனப்படும் நகரோரக் குடியிருப்புகளிலும் இருக்கும் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து வழிகாட்டிகளாகப் பயிற்றுவிக்கும் வேலையை இருபது வருடத்துக்கும் மேலாகச் செய்து வருகிறது. அப்படிப் பயிற்சி பெற்றவர்கள் தங்கள் ஊர்க் காட்டிலேயே வேலை செய்கிறார்கள். எஷோவேக்காரர் ஒருவரின் எண் கிடைத்தது, வாட்ஸ்அப்பில் செய்தி போட்டேன். பதில் வர ஒன்றரை நாள் ஆனது. (இது ஒரு குறைதான். காட்டுக்குள் சிக்னல் இல்லை என்று பிறகு சொன்னார். அவசரமாகத் திட்டம் போடுபவர்கள் ஒரு வாரம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.)

அவர் கேட்ட கேள்விகள்தான் என்னை முதலில் பிடித்து நிறுத்தின. என்ன பறவை வேண்டும், பட்டியலில் எத்தனை இருக்கிறது, கேமரா எவ்வளவு பெரியது, இதெல்லாம் அவர் கேட்கவே இல்லை. யார் வருகிறார்கள், வயது என்ன, முட்டி வலி உண்டா, படி ஏறுவாரா என்று கேட்டார். மாமாவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். உடனே அடுத்த கேள்வி: "காது எப்படி?" காது பிரமாதம் என்றேன். "அப்படியானால் சீக்கிரம் வாருங்கள், ரொம்பச் சீக்கிரம், காற்று எழும்புவதற்கு முன்னால்" என்றார்.

நவம்பரில் இங்கே ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடும். மூன்று மணிக்குக் கிளம்பினோம். டர்பனில் இருந்து எஷோவே சுமார் 140 கிலோமீட்டர், என்2 நெடுஞ்சாலையில் வடக்கே போய், கிங்கின்ட்லோவு பக்கம் திரும்பி மலை ஏற வேண்டும். வழி நெடுகக் கரும்பு. இருட்டில் ஹெட்லைட் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் கரும்புச் சுவர் மாதிரி நிற்கிறது, கண்ணாடியை இறக்கினால் அந்த வாசனை. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையில் இருந்து வந்து டர்பனில் இறங்கியவர்கள் இந்தக் கரும்புக்காகத்தான் கொண்டுவரப்பட்டார்கள் என்று மாமாவிடம் சொன்னேன். அதே நவம்பர். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் கண்ணாடியை முழுசாக இறக்கிவிடச் சொன்னார்.

காட்டு வாசல் திறப்பதற்கு முன்பே வழிகாட்டி வந்து நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும், ஒல்லி, பச்சைச் சட்டை, நெஞ்சில் பேட்ஜ். மாமாவுக்கு இரண்டு கையையும் சேர்த்து வணக்கம் வைத்து, "பாபா" என்றார். சூலு மொழியில் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அப்பா என்று அர்த்தம். நாள் முழுக்க பாபாதான். மாமா அவரைத் "தம்பி" என்றார். இவருக்கு ஆங்கிலம் பத்து வார்த்தை, அவருக்குத் தமிழ் ஒன்றும் இல்லை, நடுவில் நான் மொழிபெயர்ப்பு. முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு என் தேவை பாதியாகக் குறைந்துவிட்டது.

ட்லின்சா பெரிய காடு இல்லை, சுமார் 250 ஹெக்டேர், எஷோவே ஊருக்கு ஒட்டினாற்போலவே இருக்கிறது. அதன் விசேஷம் மரங்களுக்கு நடுவே தரையில் இருந்து பத்து மீட்டர் உயரத்தில் போகும் மரப்பலகை நடைபாதை. 125 மீட்டர் நீளம், சமதளம், கைப்பிடி உண்டு, வயதானவர்கள் தாராளமாக நடக்கலாம். அதன் முடிவில் இருபது மீட்டர் உயரத்தில் ஓர் இரும்புக் கோபுரம், அதற்கு மட்டும் படி ஏற வேண்டும். பெரும்பாலானவர்கள் நேரே அந்தக் கோபுரத்துக்குப் போய்விடுவார்கள், ஏனென்றால் உச்சியில் நின்றால்தான் காலை வெயிலுக்கு மரத்தின் தலையில் வந்து உட்காரும் வெண்கலப் பிடரிப் புறா தெரியும், தென்னாப்பிரிக்காவில் அதைப் பார்க்க ட்லின்சாவுக்கு வருகிறவர்கள் ஏராளம். எங்களை அவர் அங்கே அழைத்துப் போகவில்லை. நடைபாதையின் நடுவில் ஓர் இடத்தில் மாமாவை நிறுத்தி, கைப்பிடிமேல் அவர் இரண்டு கையையும் எடுத்து வைத்து, "பாபா, இங்கே இருந்து பத்து நிமிடம். பேச வேண்டாம்" என்றார்.

பத்து நிமிடத்தில் நான் கேட்டது சத்தம். மாமா கேட்டது வேறு. அதற்குப் பிறகு வழிகாட்டி ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தார், கை நீட்டி அல்ல, மாமாவின் முழங்கையைப் பிடித்து உடம்பையே அந்தத் திசைக்குத் திருப்பி. இதோ, உயரத்தில், நாலு சுரம், மரகதக் குயில். கீழே புதருக்குள், மெதுவாக இறங்கி இறங்கி ஓடும் ஊதல், டாம்பரீன் புறா. வலது பக்கம் கரிச்சான், உங்கள் ஊரில் உண்டா? உண்டு, இரட்டைவால் குருவி என்போம், ஆனால் இதற்கு வால் சதுரமாம். மாமா ஒவ்வொன்றையும் வாயால் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அவர் திருத்தினார், பாட்டு வாத்தியார் மாதிரி, சுரம் தப்பினால் மறுபடி.

இந்த இடத்தில் நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். என் போனில் பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலி இருந்தது, ஆன் செய்து வைத்திருந்தேன். கழுகின் குரல் ஒன்று கேட்டது, அப்படித்தான் எனக்குத் தோன்றியது, செயலியும் கழுகின் பெயரைத்தான் காட்டியது. நான் உற்சாகமாகப் போனை நீட்டினேன். அவர் போனைப் பார்க்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, "இன்னும் கொஞ்சம் பொறுங்கள்" என்றார். அதே புதரில் இருந்து அடுத்து குயிலின் குரல் வந்தது, அதற்கடுத்து வேறு ஏதோ ஒன்று, எல்லாம் ஒரே மூச்சில், ஒரே இடத்தில் இருந்து, முழங்கால் உயரத்தில். கழுகு முழங்கால் உயரப் புதரில் உட்கார்ந்து பாடுமா? ராபின்சாட் என்று ஒரு சின்னப் பறவை, ஆரஞ்சு வயிறு, மற்ற பறவைகளின் குரலை எல்லாம் அப்படியே எடுத்துப் பாடும். செயலி கேட்டது குரலை. அவர் கேட்டது குரலையும் உயரத்தையும் தூரத்தையும், அதற்குப் பின்னால் வந்ததையும். "கழுகு உண்மையிலேயே கத்தியிருந்தால் குரங்குகள் சும்மா இருக்காது" என்றார். செயலி காட்டிய க்ரௌன்ட் ஈகிள் குரங்கையும் சிறு மானையும் தூக்கும் கழுகு. டர்பன் நகரத்துக்குள்ளேயே பள்ளத்தாக்குகளில் கூடு கட்டுகிறது, எங்கள் ரெசர்வாயர் ஹில்ஸ் பக்கமே ஒன்றைப் பார்த்திருக்கிறேன்.

குழந்தை அழுகிற மாதிரி ஒரு சத்தம் வந்ததும் மாமா உதறிக்கொண்டு திரும்பினார். யாரோ கைக்குழந்தையோடு காட்டுக்குள் வந்துவிட்டார்கள் என்று நினைத்தாராம். ட்ரம்பெட்டர் ஹார்ன்பில். "இருவாச்சி!" என்றார் மாமா, பெரிய சிறகு காற்றை அறுத்துக்கொண்டு தலைக்கு மேலே போன சத்தத்தை வைத்தே சொன்னார், குற்றாலத்துக்கு மேலே மலையில் ஒரு தடவை கேட்டாராம், நாற்பது வருடத்துக்கு முன்னால். வழிகாட்டி உடனே சட்டைப் பையில் இருந்து ஒரு நோட்டு எடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நாற்பது பக்க நோட்டு, மழையில் நனைந்து காய்ந்து உப்பியது. கோடு போட்டு மூன்று பத்தி: ஆங்கிலப் பெயர், சூலுப் பெயர், மூன்றாவதில் வந்தவர்கள் சொன்ன பெயர்கள், டச்சு, ஜெர்மன், என்னென்னவோ. "இ-ரு-வா-ச்சி" என்று என்னை மூன்று முறை சொல்லவைத்து எழுதிக்கொண்டார்.

அந்த நோட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. சூலுவில் பல பறவைகளுக்குப் பெயர் உண்டு, ஆனால் கழுகு என்றால் ஒரே பெயரில் நாலு கழுகு, சில சின்னப் பறவைகளுக்குப் பெயரே இல்லை. சில வருடங்களுக்கு முன்பு சூலு பேசும் வழிகாட்டிகளும் மொழி ஆராய்ச்சியாளர்களும் பல தடவை ஒன்றாக உட்கார்ந்து, எந்தப் பறவைக்கு எந்தப் பெயர் என்று ஒழுங்கு செய்து, இல்லாதவற்றுக்குப் புதிதாகப் பெயர் வைத்தார்கள். ஒரு பறவையின் நடை, குரல், நிறம் இவற்றைத் தினமும் பார்க்கிறவர்கள் வைத்த பெயர்கள் அவை. இதைக் கேட்டதும் மாமா, தமிழிலும் ஊருக்கு ஊர் வேறு பெயர், கூழைக்கடாவுக்கே எத்தனை பெயர் என்று ஆரம்பித்துவிட்டார், நான் மொழிபெயர்த்து மாளவில்லை.

இனி அந்த நாளின் முக்கியமான கட்டம். ட்லின்சாவுக்கு வருகிறவர்கள் தேடும் இன்னொரு பறவை ஸ்பாட்டட் கிரவுண்ட் த்ரஷ். நாங்கள் அதற்குப் புள்ளிப் பூங்குருவி என்று பெயர் வைத்துக்கொண்டோம். அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை, காட்டின் தரையில் சருகுக்குள்தான் அதன் வாழ்க்கை. கீழே இறங்கி ஒரு நடைபாதை ஓரத்தில் விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்தோம். நான் மெதுவாகக் கேட்டேன், போனில் அதன் குரலைப் போட்டால் வருமா என்று. கூடாது என்றார். கோபமாக இல்லை, ஆனால் பேச்சுக்கு இடம் இல்லாமல். இது கூடு கட்டும் மாதம், இருப்பதே கொஞ்சம், வாரத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு தடவை போட்டால் அது குஞ்சுக்கு எப்போது இரை தேடும் என்றார்.

அப்புறம் மாமாவிடம் திரும்பி, சருகை எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். தரையில் இருந்து ஒரு பிடி காய்ந்த இலையை எடுத்து மாமாவின் காதுக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் மூன்று விதமாக அசைத்துக் காட்டினார். சீராக, ஒன்று ஒன்றாக, நின்று நின்று வந்தால் அது நீல டுய்க்கர், முயல் அளவே இருக்கும் மான். நாலைந்து இடத்தில் ஒரே சமயத்தில் பரபரவென்று வாரிப்போட்டால் பழுப்புச் சின்னான் கூட்டம், கோழி கிளறுவது போல. இரண்டு தாவல், நிசப்தம், ஒரே ஓர் இலை புரளும் சத்தம், மறுபடி நிசப்தம், அப்படி வந்தால் என் தோளைத் தொடுங்கள் பாபா.

உட்கார்ந்தோம். இருபது நிமிடம், இருபத்தைந்து. என் காலில் எறும்பு ஏறியது. மானின் சத்தம் வந்தது, மாமா விரலால் தொடையில் தாளம் போட்டுக் காட்டினார், அவர் தலையசைத்தார். சின்னான்கள் வந்து கிளறிவிட்டுப் போயின. அப்புறம் ஒன்றும் இல்லை. திடீரென்று மாமா கையை எடுத்து அவர் தோள்மேல் வைத்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சத்தியமாக ஒன்றும் கேட்கவில்லை. அவர் மாமாவின் முகத்தைப் பார்த்து, மாமா எந்தப் பக்கம் காதைத் திருப்பியிருக்கிறார் என்று பார்த்து, அந்தத் திசையில் பைனாகுலரைத் தூக்கினார். நான் பார்த்தபோது முதலில் ஓர் இலை மட்டும் புரண்டது. பிறகு அதற்குப் பக்கத்தில் அது நின்றது, ஆறேழு மீட்டர் தூரம்கூட இல்லை. முதுகு காட்டின் நிறம், நெஞ்சு வெள்ளை, வெள்ளை வேட்டியில் மை தெளித்த மாதிரி கரும்புள்ளி. தலையைச் சாய்த்து அதுவும் தரையைக் கேட்டுக்கொண்டு இருந்தது.

மாமாவுக்கு நான் காதோடு காதாக அதன் உருவத்தைச் சொன்னேன். "தெரியுது, தெரியுது" என்றார். என்ன தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. வழிகாட்டியின் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

சாப்பாட்டு நேரத்தில் காட்டு ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம். அவரும் சாப்பிட்டார், ஊறுகாயை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். அப்போதுதான் அவர் வேலையைப் பற்றி விவரமாகக் கேட்டேன், என் மகன் வேறு பெரியவனானால் இதைத்தான் செய்வேன் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறான், அதனால் எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டி இருந்தது.

சின்னப் பையனாக ஆடு மேய்த்தபோது கவணால் அடித்துத் தின்ற பறவைகளைத்தான் இன்று காட்டிச் சம்பாதிக்கிறேன் என்றார். எது எங்கே தூங்கும், எது எந்தப் பழத்துக்கு எந்த மாதம் வரும் என்பதெல்லாம் அந்த வயதிலேயே தெரியும். தெரியாதது ஆங்கிலப் பெயரும், அதைவிட முக்கியமாக, தெரிந்ததை வேறொருவருக்குக் காட்டும் முறையும். அதைத்தான் பயிற்சியில் கற்றுக்கொண்டாராம். தென்னாப்பிரிக்காவில் இந்த வேலையை நினைத்தவர் நினைத்தபடி செய்ய முடியாது. 2014ஆம் ஆண்டுச் சுற்றுலாச் சட்டப்படி, காசு வாங்கி வழிகாட்டுகிறவர் மாகாணப் பதிவாளரிடம் பதிவு செய்து, அட்டையும் பேட்ஜும் வைத்திருக்க வேண்டும். முதலுதவிச் சான்றிதழ் வேண்டும். வந்தவர்களைத் தன் வண்டியில் ஏற்றினால் அதற்குத் தனி ஓட்டுநர் அனுமதி. முதலில் ஒரே இடத்துக்கு மட்டுமான வழிகாட்டி, பிறகு ஒரு மாகாணம் முழுக்க, அதற்கும் மேலே நாடு முழுக்க, ஒவ்வொரு படிக்கும் படிப்பும் செலவும். இவர் முதல் படியில் பல வருடம் இருந்து, இப்போது குவாசூலு-நடால் முழுவதற்கும் அட்டை வைத்திருக்கிறார்.

வெளிநாட்டில் இருந்து மூன்று வாரச் சுற்றுலா கொண்டுவரும் பெரிய கம்பெனிகளுக்கு அவர்களுடைய தலைமை வழிகாட்டி இருப்பார், இவரைப் போன்றவர்கள் அரை நாளைக்கு, அந்த ஒரே காட்டுக்கு மட்டும். அந்த அரை நாளில் அந்தப் புறாவும் இந்தப் பூங்குருவியும் கிடைத்தாக வேண்டும், கிடைக்காவிட்டால் முகம் கோணும், சிலர் டிப்ஸ்கூடத் தர மாட்டார்கள். செப்டம்பரில் இருந்து டிசம்பர் வரை வேலை இருக்கும், குயில்கள் வந்திருக்கும், எல்லாம் பாடும். ஜூன், ஜூலையில் காடு அமைதியாகிவிடும், வருமானமும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து எல்லை மூடியபோது ஒரு வருடத்துக்கும் மேல் வெளிநாட்டுக்காரர் ஒருவரும் வரவில்லை, டெலஸ்கோப்பை விற்றுப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவு பார்த்தாராம். இன்னும் புதிது வாங்கவில்லை. அந்த மாதங்களிலும் தினமும் காட்டுக்குப் போய், பார்த்ததைப் போனில் பதிந்து பறவை வரைபடத் திட்டத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். 2007இல் தொடங்கிய திட்டம் அது, நாட்டையே சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எந்தப் பறவை என்று மக்களே பதிவு செய்கிறார்கள். அதற்குக் காசு கிடையாது. "போகாமல் இருந்தால் காது துருப்பிடித்துவிடும்" என்றார்.

இந்த வேலையில் எதை நினைத்தால் பயம் என்று மாமா அவரிடம் கேட்டார், என் மூலமாக. அதற்கும் அவர் காதைத்தான் தொட்டுக் காட்டினார். வயது ஏற ஏற மேல்சுரம்தான் முதலில் போகும். தேன்சிட்டுகளின் கீச்சு, சில பூச்சிபிடிப்பான்களின் மெல்லிய சீட்டி, அவையெல்லாம் ஒரு நாள் காட்டில் இருந்து காணாமல் போன மாதிரி இருக்குமாம், பறவை அங்கேதான் இருக்கும். அவருக்குக் கற்றுக்கொடுத்த மூத்தவர் ஒருவருக்கு அப்படி ஆகிவிட்டது. மாமா கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வெளியே வெட்டவெளிப் பக்கத்தில் இருந்து ஒரு புறா மெதுவாகத் தொடங்கி வேகமாக இறங்கிக் கூவியது. அதற்கு இங்கே ஒரு கதை உண்டு என்றார்: என் அம்மா போய்விட்டாள், என் அப்பா போய்விட்டார், சொந்தமெல்லாம் போய்விட்டது, என் நெஞ்சு டும் டும் டும் என்று அடித்துக்கொள்கிறது. மாமா, எங்கள் ஊரில் ஒரு குயில் அக்கா, அக்கா என்றுதான் கூப்பிடும் என்றார்.

மத்தியானத்துக்கு மேல் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, வெயில் ஏறியதும் காடு அடங்கிவிட்டது. ஒரே ஒரு தடவை இக்வாலாக்வாலா, ஆங்கிலத்தில் டுராகோ என்னும் பறவை, தலைக்கு மேல் பறந்தது. உட்கார்ந்து இருக்கும்போது ஊதாவும் பச்சையுமாக இருக்கும், சிறகை விரித்தால் உள்ளே ரத்தச் சிவப்பு. அந்தச் சிவப்புச் சாயத்தில் நிஜமாகவே செம்பு கலந்திருக்கிறது. எஸ்வாத்தினியில் அரச குடும்பத்தார் அந்த இறகைத் தலையில் சூடுவார்கள். மாமாவுக்கே அந்தச் சிவப்பு ஒரு கணம் தெரிந்தது, "ஏதோ தீ மாதிரி போச்சு" என்றார்.

பக்கத்து ஒங்கோயே காட்டுக்கும் போகலாமா என்று கேட்டேன். பச்சைக் குக்குறுவானைத் தென்னாப்பிரிக்காவில் அங்கே மட்டும்தான் பார்க்கலாம். அவர் என் போலோ காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முந்தின நாள் மழை, இந்த வண்டி போகாது, மாட்டிக்கொண்டால் பாபாவுக்குக் கஷ்டம் என்று சொல்லிவிட்டார். போயிருந்தால் அவருக்கு இன்னும் கொஞ்சம் பணம் கிடைத்திருக்கும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அவர் தரும் இரவல் பைனாகுலர் பழசு, ஒரு பக்கக் கண்ணாடி மங்கல், உங்களிடம் இருந்தால் கொண்டுபோங்கள். கார்டு எடுப்பதில்லை, ரொக்கம் அல்லது வங்கிப் பரிமாற்றம்தான். ஆங்கிலப் பெயர்களை வேகமாகச் சொல்கிறார், புதியவர்கள் நிறுத்தி நிறுத்திக் கேட்க வேண்டும். சின்னக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போனால் இந்த அமைதி எல்லாம் சரிப்படாது, அதை முன்பே சொல்லிவிட்டால் வேறு மாதிரி அமைத்துத் தருவதாகச் சொன்னார். பறவை எண்ணிக்கை வேண்டும், ஒரே நாளில் நூறு வேண்டும் என்பவர்களுக்கு இன்னும் வடக்கே சதுப்பு நிலங்கள் இருக்கின்றன, அங்கே போகலாம். எங்களுக்கு அன்றைக்குக் கணக்கு 43, அதில் பாதிக்கு மேல் காதால் மட்டும்.

பேரம் மட்டும் பேசாதீர்கள். டர்பனில் நம் ஆட்கள் சிலர் 1,800 ராண்டா, காட்டைச் சுற்றிக் காட்டவா என்று கேட்டார்கள். அது ஒரு நாள் கூலி இல்லை. வேலை இல்லாத ஜூன், ஜூலையும் அதில்தான் ஓட வேண்டும், அட்டை புதுப்பிக்கும் செலவும் முதலுதவிச் சான்றிதழும் விற்றுப்போன டெலஸ்கோப்பும் அதற்குள்தான். முடிந்தால் இடையில் ஆள் இல்லாமல் நேராக அவர்களிடமே பேசுங்கள், போகிற இடத்தில் பேட்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள், பேர்ட்லைஃப் சவுத் ஆஃப்ரிகாவிடம் கேட்டால் ஊர் வாரியாக விவரம் கிடைக்கும்.

மாமா ஜனவரியில் ஊருக்குப் போய்விட்டார். போன வாரம் கூந்தன்குளத்துக் கரையில் நின்று ஒரு நிமிடச் சத்தத்தைப் பதிந்து அனுப்பி, தம்பிக்கு அனுப்பிவிடு என்று சொன்னார். அனுப்பினேன். இந்த முறை பத்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது: "பாபாவுக்கு வணக்கம். அலகைத் தட்டுவது நாரை, அது புரிகிறது. அதற்குப் பின்னால், தூரத்தில், இரண்டு தடவை மட்டும் கேட்கிறதே, அது யார்?" நானும் ஏழெட்டுத் தடவை போட்டுக் கேட்டுவிட்டேன், எனக்கு நாரைச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. மாமாவிடம் கேட்டிருக்கிறேன், அவர் நாளைக் காலை மறுபடி கரைக்குப் போய்க் கேட்டுவிட்டுச் சொல்கிறாராம்.